இருபது வெற்றிகளும் ஒரு கைகுலுக்கலும்

பள்ளிக்கூடம் விட்டதும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் காலனிப் பிள்ளைகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "நல்லா விளையாடுடா தம்பி. ஜெயிச்சுக் காட்டு. அப்புறம் ஒருத்தனும் உன்னை ஒதுக்க முடியாது." நம் அப்பன்மார்கள் நமக்குச் சொன்னதும் இதையேதான். சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அது முழு உண்மையா என்று நாம் உட்கார்ந்து யோசித்ததில்லை. இந்த வாரம் யோசிப்போம். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஆடிய ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியின் கதை நமக்குத் துணைக்கு வரும்.

சிகாகோ நகரில் லயோலா பல்கலைக்கழகம் இருக்கிறது. லயோலா என்றதும் நமக்குச் சென்னை நுங்கம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். அதை நடத்தும் அதே இயேசு சபையார்தான் இதையும் நடத்துகிறார்கள். 1962ஆம் ஆண்டின் இறுதியில் கூடைப்பந்துப் பருவம் தொடங்கியது. பயிற்சியாளர் ஜார்ஜ் அயர்லாந்து என்ற வெள்ளையர். அவர் களமிறக்கிய ஐந்து பேரில் நான்கு பேர் கறுப்பின மாணவர்கள். ஜெர்ரி ஹார்க்னஸ், ரான் மில்லர் இருவரும் நியூயார்க்கிலிருந்து வந்தவர்கள். லெஸ் ஹண்டர், விக் ரவுஸ் இருவரும் தெற்கே நாஷ்வில் நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளியில் படித்தவர்கள். ஐந்தாமவர் ஜான் ஈகன், சிகாகோ வெள்ளையர்.

நான்கு பேர் என்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத, ஆனால் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் தெரிந்த ஒரு கணக்கு அந்த நாட்டில் இருந்தது. சொந்த ஊரில் ஆடினால் கறுப்பினத்தவர் இரண்டு பேர், வெளியூரில் மூன்று பேர், தோற்கும் நிலை வந்தால் நான்கு பேர். எழுதாத கணக்குகளின் பலம் நமக்குத் தெரியாததா? டீக்கடையில் எந்தக் குவளை யாருக்கு என்று எங்கே எழுதி வைத்திருந்தார்கள்?

அயர்லாந்து அந்தக் கணக்கை முதல் ஆட்டத்திலிருந்தே மீறினார். எதிரணி பந்தைக் கையில் எடுத்த நொடியிலிருந்து களம் முழுக்க விரட்டி நெருக்குவது, பறித்த பந்தை ஒரே ஓட்டமாகக் கொண்டுபோய்க் கூடையில் போடுவது. இதுதான் லயோலாவின் ஆட்டம். அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிகப் புள்ளி குவித்த கல்லூரி அணி அதுதான். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 91.8 புள்ளி. தொடக்கத்திலிருந்து இருபது ஆட்டங்களுக்குக் குறையாமல் தொடர் வெற்றி. முதல் தோல்வி பிப்ரவரி நடுவில்தான் வந்தது.

அந்தத் தொடர் வெற்றிக்கு நடுவே 1962 டிசம்பர் 29 அன்று ஓக்லஹோமா நகரில் வயோமிங் பல்கலைக்கழகத்தோடு ஓர் ஆட்டம். அதில் லயோலாவின் ஐந்து இடங்களிலும் ஒரே நேரத்தில் கறுப்பின வீரர்கள் நின்றார்கள். அமெரிக்காவின் முதல்நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. மாற்று ஆள் இறங்க வேண்டியிருந்தது, இறங்கினார். ஆட்டம் தொடர்ந்தது. வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் வெற்றி கூடக் கூட மரியாதை கூடியதா? இல்லை. அந்த ஆண்டுகளில் தெற்கு மாநிலங்களுக்கு ஆடப் போனபோது கறுப்பின வீரர்கள் அணித் தோழர்களோடு ஒரே விடுதியில் தங்க முடியாத நிலை இருந்தது. ஹூஸ்டன் நகரில் பார்வையாளர் வரிசையிலிருந்து வசைகள் பறந்து வந்தன. அணித் தலைவர் ஹார்க்னஸ் தங்கியிருந்த மாணவர் விடுதிக்கே கு கிளக்ஸ் கிளான் வெறியர்களின் மிரட்டல் கடிதங்கள் வந்தன. புள்ளிப் பட்டியலில் முன்னால் நின்றவனுக்கு ஊரில் கடைசி இடம். இதை வாசிக்கும்போது நம் வாசகர்களுக்கு முகங்கள் நினைவுக்கு வரும். நமக்கும் வருகின்றன.

1963 மார்ச்சில் தேசியப் போட்டி தொடங்கியது. முதல் சுற்றில் டென்னசி டெக் அணியை லயோலா 111-42 என்று வீழ்த்தியது. 69 புள்ளி வித்தியாசம். அந்தப் போட்டியின் வரலாற்றில் இன்று வரை அதை மிஞ்சிய வெற்றி இல்லை. அடுத்த ஆட்டம் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணியோடு, மார்ச் 15 அன்று, மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங் நகரில். இப்போது கேள்வி வேறாகிவிட்டது. லயோலா ஜெயிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. எதிரணி வருமா என்று கேட்டார்கள்.

மிசிசிப்பி என்பது அன்றைய நிறவெறியின் கோட்டை. ஆறு மாதத்துக்கு முன்புதான், ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரே ஒரு கறுப்பின மாணவர் அம்மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததற்காகக் கலவரம் மூண்டு இரண்டு உயிர்கள் போயிருந்தன. கறுப்பின வீரர் இருக்கும் அணியோடு அம்மாநிலக் கல்லூரி அணிகள் ஆடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். மிசிசிப்பி மாநில அணி 1959, 1961, 1962 என மூன்று முறை தன் மண்டலத்தில் முதலிடம் பிடித்திருந்தது. மூன்று முறையும் தேசியப் போட்டிக்குப் போகாமல் வீட்டில் உட்கார வைக்கப்பட்டது. கறுப்பினத்தவரைத் தொட்டு ஆடுவதைவிடப் பட்டத்தை விட்டுவிடுவதே மேல் என்று ஆட்சியாளர்கள் நினைத்தார்கள். தீண்டாமை அடுத்தவனை மட்டுமா முடக்குகிறது? அதைக் காப்பாற்றுகிறவன் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் கட்டிப்போடுகிறது.

நான்காவது முறை, பல்கலைக்கழகத் தலைவர் டீன் கோல்வார்ட் அணியை அனுப்ப முடிவெடுத்தார். ஆளுநர் ராஸ் பார்னட் எதிர்த்தார். கல்வி வாரியம் கூடி வாக்கெடுத்தது, அணி போகலாம் என்றது. உடனே ஒரு மாநில செனட்டர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கினார். ஆணை கைக்கு வந்து சேர்வதற்குள் புறப்பட்டாக வேண்டும். கோல்வார்ட் ஒரு பக்கம் மாநில எல்லையைத் தாண்டினார். பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி இரவோடு இரவாகக் காரில் மெம்பிஸ் நகருக்குப் போனார். மறுநாள் காலை, ஆணையைக் கொடுக்க வந்தவர்கள் கண்ணில் படாமல் வீரர்கள் சிறிய விமானத்தில் நாஷ்வில் போய் மெக்கார்த்தியோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரு கூடைப்பந்து ஆட்டத்துக்காக, இருபது வயது வெள்ளை இளைஞர்கள் தங்கள் சொந்த மாநிலத்திலிருந்து களவாகத் தப்பி ஓட வேண்டியிருந்தது.

ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணித் தலைவர்களும் களத்தின் நடுவே வந்தார்கள். லயோலாவின் ஜெர்ரி ஹார்க்னஸ், மிசிசிப்பியின் ஜோ டான் கோல்ட். இருவரும் கை குலுக்கினார்கள். அந்த நொடியில் எல்லாப் பக்கமும் கேமரா விளக்குகள் வெடித்தன. இது வெறும் ஆட்டமில்லை என்று அந்த வெளிச்சத்தில்தான் தனக்குப் புரிந்தது என்று ஹார்க்னஸ் பிற்காலத்தில் பலமுறை சொன்னார்.

முதல் ஏழு புள்ளிகளை மிசிசிப்பி அணியே எடுத்தது. பிறகு லயோலா நிதானமாகத் திரும்பி வந்து 61-51 என்று வென்றது. ஹார்க்னஸ் 20 புள்ளி. கை கலப்பு இல்லை, வசை இல்லை. ஒழுங்கான, கடுமையான ஆட்டம். மார்ச் 23 அன்று லூயிவில் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில், முந்தைய இரண்டு ஆண்டும் பட்டம் வென்றிருந்த சின்சினாட்டி அணியோடு 15 புள்ளி பின்தங்கியிருந்து, கூடுதல் நேரத்தில் 60-58 என்று வென்று பட்டத்தைத் தட்டியது லயோலா. தொடங்கிய ஐந்து பேரும் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் ஆடி முடித்தார்கள்.

இந்தக் கதையை நாம் ஏன் இந்தப் பத்தியில் எழுதுகிறோம்?

முதல் காரணம், இது நமக்கு அந்நியக் கதை இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம், கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியை ஒட்டித்தான் இருக்கிறது. அதே ஹார்லெமின் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில்தான் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் சிறுவன் ஹார்க்னஸைப் பார்த்து, கல்லூரியில் ஆடும் தகுதி உனக்கு இருக்கிறது என்று ஊக்கம் கொடுத்தார். 1946இல் அண்ணல், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் நிலைக்கும் நம் மக்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை அதில் எடுத்துச் சொன்னார். இரண்டு வலிகளும் ஒன்றையொன்று அறிந்தவை.

இரண்டாவது, நமக்கும் ஒரு ஹார்க்னஸ் அதற்கும் முன்பே இருந்தார். பல்வங்கர் பாலு. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் மன்றத்தின் மைதானத்தில் வேலை பார்த்து, அங்கேயே பந்து வீசக் கற்றவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தார். அவர் பந்து வீசினால்தான் இந்துக்கள் அணி ஜெயிக்கும். ஆனால் ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தேநீர் மண் குவளையில், பந்தலுக்கு வெளியே. விக்கெட்டுக்குத் தீட்டு இல்லை, குவளைக்கு உண்டு. அந்த அணிக்குத் தலைவராகும் வாய்ப்பு பாலுவுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் 1923இல் அந்த இடத்துக்கு வந்தார்.

மூன்றாவது காரணம் நம் கண்ணெதிரே இருக்கிறது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றபோது, வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன் சாதி சொல்லிக் கேலி செய்து பட்டாசு வெடித்தார்கள். நாட்டுக்காக ஓடியவளுக்கு ஊர் கொடுத்த பரிசு. 2025 மார்ச்சில் நம் தென்மாவட்டம் ஒன்றில், தேர்வெழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பிளஸ் 1 மாணவனின் விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்று அந்தக் குடும்பத்தார் சொன்னார்கள். நம் பிள்ளை தோற்றாலும் குற்றம், ஜெயித்தாலும் குற்றம்.

இப்போது அந்தப் பழைய அறிவுரைக்கு வருவோம். "ஜெயிச்சுக் காட்டு, ஒதுக்க முடியாது." லயோலா ஜெயித்துக் காட்டியது, ஒருமுறை இல்லை, இருபது முறை. ஆனாலும் அடுத்த அணி எதிரில் வந்து நிற்க வேண்டுமென்றால் ஒரு பல்கலைக்கழகத் தலைவர் தன் பதவியைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. ஒரு பயிற்சியாளர் இரவில் ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தது. திறமை கதவு வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே இருப்பவன் தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். எடுக்க மறுத்தால் சட்டம் எடுக்க வைக்க வேண்டும். பாரத்தை முழுக்க நம் பிள்ளையின் தோளிலேயே ஏற்றி, நீ இன்னும் நன்றாக ஆடு, இன்னும் நன்றாக ஆடு என்று சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

நம் கிராமங்களில் ஊருக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி என்று தனித்தனியாகப் பெயர் கொடுத்து ஆடுவதைப் பார்க்கிறோம். பொங்கலுக்கு நடக்கும் போட்டிகளுக்கு வசூலும் தனி, பரிசும் தனி. ஊர்ப் பொது நிலத்தில் இருக்கும் மைதானத்தில் எந்தப் பிள்ளைகள் எந்த நேரத்தில் இறங்கலாம் என்பதில் இன்றும் எழுதாத கணக்கு இருக்கிறது. பொதுச் சொத்தை நம்மவர் பயன்படுத்த விடாமல் தடுப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பிறகு தெளிவாகக் குற்றம். மைதானமும் பொதுச் சொத்துதான். இதை ஊராட்சித் தலைவர்களும் காவல் நிலையங்களும் நினைவில் வைத்தால் போதாது, ஒருமுறையாவது நடைமுறையில் காட்ட வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம். பள்ளி, கல்லூரி அணிகளைப் பிரிக்கும்போது தெருவைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். கலந்து ஆடவிடுங்கள். மண்டலப் போட்டிக்கு முன் அணித் தலைவர்கள் கை குலுக்கும் அந்த அரை நிமிடத்தைச் சடங்காக முடித்துவிடாதீர்கள். ஊர்த் தெருப் பெற்றோர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் பிள்ளைகளில் ஒரு கோல்ட் இருக்கிறான். அவன் கையை நீட்டும்போது பிடித்து இழுக்காதீர்கள்.

அந்த ஓர் ஆட்டத்தால் மிசிசிப்பி ஒரே நாளில் மாறிவிடவில்லை. மூன்று மாதத்தில், 1963 ஜூன் 12 அன்று, அதே மாநிலத்தில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் 1965இல் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவர் சேர்ந்தார். 2012 டிசம்பரில், ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, அந்தப் பல்கலைக்கழக அணி சிகாகோவுக்கே வந்து லயோலாவோடு மீண்டும் ஆடியது. இந்த முறை யாரும் ஒளிந்து வரவில்லை.

2011இல் ஜோ டான் கோல்ட் இறந்தார். ஹார்க்னஸ் இறுதி மரியாதை செலுத்தப் போனார். சவப்பெட்டிக்கு அருகே குடும்பத்தார் ஒரு படத்தை வைத்திருந்தார்கள். 1963இல் இருவரும் கை குலுக்கிய படம். பத்து ஆண்டு கழித்து, 2021இல், ஹார்க்னஸும் மறைந்தார்.

நம் மாவட்டத்து மைதானங்களிலும் அப்படி ஒரு படம் எடுக்கப்பட வேண்டும். பந்தும் இருக்கிறது, நம் பிள்ளைகளும் தயார். எதிரணி வரட்டும்.