ரைன் நதிக்கு லோனா? முதல்ல விருப்பாச்சிக்குப் போங்க!

ஜெர்மனியில ரைன் நதிக்கரை ஊர்கள், 1945-ல அமெரிக்கப் படை பிடிச்ச ரெமாகன் பாலத்தோட கோபுரங்கள் எல்லாம் பார்க்க ஆசையா? தப்பில்லை. ஆனா பர்சனல் லோன் வேண்டாம்.

2 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் ₹6,835. வட்டி மட்டும் ₹46,000! அதே தொகையை மாசாமாசம் ஆர்.டி.யில போட்டா 30 மாசத்துக்குள்ள 2 லட்சம் கையில.

அதுவரைக்கும்? ஒரு ஞாயிறு போதும். காலையில பழனி சண்முகநதி. அடுத்து ஒட்டன்சத்திரம் ரூட்டுல விருப்பாச்சி. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்து, 1801-ல ஆங்கிலேயர் தூக்கிலிட்ட கோபால் நாயக்கரோட ஊர். மதியத்துக்கு மேல திண்டுக்கல் மலைக்கோட்டை. 1605-ல மதுரை நாயக்கர் கட்டத் தொடங்கி, ஹைதர் அலி, திப்பு கைக்குப் போய், 1790-ல ஆங்கிலேயர் பிடிச்சது.

செலவு பஸ், சாப்பாடு, நுழைவுச்சீட்டு. இஎம்ஐ பூஜ்யம்!