பவுல் ஆட்டக் கணக்கு மட்டும் போதுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகக் காற்பந்தில் ஒரு பயிற்றுவிப்பாளரின் பெயர் அடிபட்டால் உடனே எழும் கேள்வி, “பவுல் ஆட்டங்களில் எத்தனை வென்றார்?” என்பது. இது நம்மூர்க் காற்பந்து அன்று. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்.

வழக்கமான ஆட்டங்கள் டிசம்பர் தொடக்கத்தில் முடிந்ததும், நன்கு ஆடிய குழுக்கள் ஒரு சிறப்பு ஆட்டத்துக்கு அழைக்கப்படுகின்றன. அதுவே பவுல். அவற்றுள் ஆகப் பழையது கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் நடக்கும் ரோஸ் பவுல். 1902ல் நடந்த அதன் முதல் ஆட்டத்தில் மிச்சிகன் 49-0 எனும் கணக்கில் ஸ்டான்ஃபர்டை வென்றது.

எண்களை மட்டும் பார்த்தால் பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோ முன்னிலையில் இருக்கிறார்: 24 வெற்றி, 12 தோல்வி, ஒரு சமநிலை. ஃபுளோரிடா ஸ்டேட்டின் பாபி பவ்டன் 1982 முதல் 1995 வரை 14 பவுல்களில் தோற்கவே இல்லை. ஆனால், ஆறு தேசிய விருதுகள் வென்ற அலபாமாவின் பேர் பிரையன்ட் 1967 முதல் 1974 வரையிலான எட்டுப் பருவங்களில் ஒரு பவுலையும் வெல்லவில்லை. அவற்றில் ஒன்றான 1973ல், பயிற்றுவிப்பாளர்களின் வாக்கெடுப்பு அலபாமாவையே வெற்றியாளராக அறிவித்தது. வாக்கெடுப்பு பவுலுக்கு முன்பே முடிந்துவிட்டது. பவுலில் நோட்டர்டாம் 24-23 என வென்றது! அடுத்த ஆண்டே வாக்கெடுப்பைப் பவுலுக்குப் பின் தள்ளிவைத்தார்கள்.

இந்த அளவுகோலால் அதிகம் அடிபட்டவர் மிச்சிகனின் போ ஷெம்பெக்லர். அவரது பவுல் கணக்கு 5 வெற்றி, 12 தோல்வி. “பெரிய ஆட்டத்தில் தோற்பவர்” என்ற பெயர் அவரை விட்டுப் போகவே இல்லை.

அந்தக் காலத்தில் அவரது பிக் டென் கூட்டமைப்பிலிருந்து ஒரே ஒரு குழுதான் பவுலுக்குச் செல்லலாம். அதுவும் ரோஸ் பவுலுக்கு மட்டும். 1973ல் மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் 10-10 எனச் சமநிலை கண்டன. கூட்டமைப்பின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்களித்து ஒஹாயோவை அனுப்பினார்கள். ஒரு தோல்விகூட இல்லாத மிச்சிகன் வீட்டில் இருந்தது. 1972 முதல் 1974 வரை 30 வெற்றி, இரண்டு தோல்வி, ஒரு சமநிலை. பவுல் ஒன்றுகூட இல்லை. வேறு கூட்டமைப்பில் இருந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகளிலும் அழைப்பு வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரோஸ் பவுலில் அவர் கண்ட எட்டுத் தோல்விகளில் ஐந்து, திடலுக்கு அருகிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் குழுக்களிடம் வந்தவை. 1970 ரோஸ் பவுலுக்கு முதல் நாள் அவருக்கு மாரடைப்பு. அவர் மருத்துவமனையில் இருக்க, குழு தோற்றது. 1988 ஜனவரியில், இதய அறுவை சிகிச்சைக்குப்பின் அவர் ஓய்வில் இருந்தபோது துணைவர் கேரி மோலர் குழுவை நடத்தி அலபாமாவை 28-24 என வென்றார். இரண்டும் ஷெம்பெக்லரின் கணக்கில்தான் எழுதப்பட்டுள்ளன.

இன்று சிக்கல் வேறு. காயத்துக்கு அஞ்சி, தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்லவிருக்கும் வீரர்கள் பவுலைத் தவிர்க்கிறார்கள். 2023ல் 13 ஆட்டங்களையும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு விருதுச் சுற்றில் இடம் மறுக்கப்பட்டது. 20க்கும் மேற்பட்ட வீரர்கள் இல்லாமல் ஆரஞ்ச் பவுலில் இறங்கிய அக்குழுவை ஜார்ஜியா 63-3 என நசுக்கியது. பயிற்றுவிப்பாளர் மைக் நார்வெலின் பதிவில் அது வெறும் ஒரு தோல்வி. யார் ஆடவில்லை என்பதற்கு அங்கே கட்டம் இல்லை.