இரவல் தகடு

அடுத்த தெருவில் இருக்கும் பிளஸ் டூ மாணவன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தான். மாமா வீட்டில் பயன்படாமல் கிடந்த கணிப்பொறி ஒன்று அவனுக்குக் கிடைத்திருந்தது. அதன் வன்தட்டு பழுதாகிப் புதிதாக ஒன்று பொருத்தியிருந்தார்கள். அதில் எதுவும் இல்லை. பள்ளித் தோழனிடம் இரவல் வாங்கிய விண்டோஸ் 7 தகடு அவன் கையில் இருந்தது.

"இது திருட்டுத் தகடு இல்லை சார். அவன் அப்பா காசு கொடுத்து வாங்கியது. என் கணிப்பொறியில் போட்டுவிட்டு நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவேன். தப்பா சார்?"

நேர்மையான கேள்வி. புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்கிறோம். மிதிவண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறோம். தகட்டுக்கு மட்டும் வேறு நியாயமா? விடை காண, முதலில் தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

தகட்டில் இருப்பது என்ன?

விசைப்பலகை, திரை, நினைவகம், வன்தட்டு ஆகிய உறுப்புகள் எல்லாவற்றையும் ஒருங்கே வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே இயக்க அமைப்பு. விண்டோஸ், லினக்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இது இல்லாத கணிப்பொறி, ஓட்டுநர் இல்லாத பேருந்தைப் போன்றது.

டிவிடி தகட்டில் இந்த மென்பொருள், சுருள் வடிவத் தடத்தில் நுண்ணிய குழிகளாகப் பதிந்திருக்கிறது. அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே உள்ள தொலைவு 0.74 மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் ஏறத்தாழ நூறு தடங்கள் அடங்கிவிடும்! 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் கதிர் இத்தடத்தின் மீது விழுகிறது. குழியின் விளிம்பில் எதிரொளி மாறுகிறது. மாறும் இடம் 1, மாறாத இடம் 0. ஓரடுக்குத் தகட்டில் 4.7 ஜிகாபைட், அதாவது சுமார் 3,760 கோடி பிட்டுகளை இப்படிப் பதிக்கலாம்.

நகலும் அசலும்

பழைய ஒலிநாடாவிலிருந்து பாட்டை இன்னொரு நாடாவில் பதிவு செய்தால் இரைச்சல் கூடும். அந்த நகலிலிருந்து எடுத்த நகலில் இன்னும் கூடும். தொடர்ந்து மாறும் அலையைப் பதிவு செய்வதால் வரும் வினை இது.

எண்முறைப் பதிவில் இருப்பவை 0, 1 என்னும் இரண்டே நிலைகள். லேசர் ஒளி சற்று மங்கினாலும் எந்த நிலை என்பதைக் கருவி தீர்மானித்துவிடும். தகட்டில் சிறு கீறல் விழுந்தாலும், கூடுதலாகப் பதிந்துள்ள சரிபார்ப்பு எண்களைக் கொண்டு, விடுபட்ட பிட்டுகளைக் கணக்கிட்டு மீட்க முடியும். ஆகவே ஆயிரமாவது நகலும் அசலைப் போலவே இருக்கும். நகலெடுப்பதை இயற்கை தடுப்பதில்லை. எனவே அந்த வேலியைச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தால் புதிய பிரதி எதுவும் உண்டாவதில்லை. திருப்பிக் கொடுத்தபின் நம்மிடம் புத்தகம் இல்லை. தகட்டிலிருந்து இயக்க அமைப்பை நிறுவும்போதோ, வன்தட்டில் ஒரு பிரதி உண்டாகிறது. தகட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் பிரதி நம்மிடமே தங்கிவிடுகிறது. பிரதி எடுக்கும் உரிமைதான் பதிப்புரிமை. அந்த உரிமையை எந்த அளவுக்கு நமக்குத் தருகிறார்கள் என்பதைச் சொல்லும் பத்திரமே உரிமம்.

நமது நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. 1984-இல் செய்த திருத்தத்தால் கணிப்பொறி நிரல்களும் இலக்கியப் படைப்புகளாகவே கருதப்படுகின்றன. முறையாகப் பெற்றவர், தகடு பழுதாகிவிட்டால் உதவும் என்பதற்காகக் காப்புப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள இச்சட்டம் இடம் தருகிறது. உரிமம் இல்லாத பிரதி என்று அறிந்தே பயன்படுத்துவதோ குற்றம். அதற்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஆதாயத்துக்காகப் பயன்படுத்தவில்லையெனில், சிறையின்றி 50,000 ரூபாய்க்கு உட்பட்ட அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

பெட்டியின் பக்கவாட்டில்

மாணவனின் கணிப்பொறியை நேரில் போய்ப் பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் மங்கிய ஒட்டுச்சீட்டு ஒன்று இருந்தது. அதில் விண்டோஸ் 7 என்ற பெயரும், ஐந்தைந்தாகப் பிரித்த 25 எழுத்து, எண்கள் கொண்ட சாவியும் அச்சாகியிருந்தன!

இதன் பொருள் என்ன? அந்தப் பெட்டி விற்கப்பட்டபோதே உரிமமும் அதனுடன் சேர்ந்து வந்திருக்கிறது. பெட்டியோடு விற்கப்படும் உரிமம் பொதுவாக அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது. பெட்டி கைமாறினால் அதுவும் உடன் செல்லும். தனியாகக் கடையில் வாங்கும் உரிமத்தை வேறு பெட்டிக்கு மாற்றலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பெட்டியில்தான் இருக்க வேண்டும். தோழனின் உரிமம் தோழன் வீட்டுப் பெட்டியில் பயன்பாட்டில் இருக்கிறது. அதை இரவல் வாங்க முடியாது. ஆனால் தகடு அதே வகைப் பதிப்பாக இருந்தால், இரவல் தகட்டைக் கொண்டு நிறுவி, தன் பெட்டியின் சாவியையே மாணவன் கொடுக்கலாம். யாருடைய தகடு என்று கேட்பதைவிட யாருடைய உரிமம் என்று கேட்பதே சரி.

மாணவன் முகம் மலர்ந்தது. ஆனால் வேறொரு சிக்கல் இருந்தது. விண்டோஸ் 7-க்கு வீட்டுப் பயனாளர்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. அதைக்கொண்டு இணையத்தில் உலவுவது, தாழ்ப்பாள் கெட்ட கதவோடு தூங்குவதற்குச் சமம்.

கொடுக்கச் சொல்லும் உரிமம்

பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் லினக்ஸை எழுதி வெளியிட்டார். யாரும் நகலெடுக்கலாம், ஆனால் காசு வாங்கக் கூடாது என்பது அவர் முதலில் வைத்த நிபந்தனை. நல்ல எண்ணந்தான். ஆனால் தகடு வாங்கி நகலெடுத்துக் கொடுத்தவர், தகட்டின் விலையைக்கூட வாங்க முடியாமற் போயிற்று. 1992-இல் அந்த நிபந்தனையை விட்டு, ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த பொது மக்கள் உரிமத்துக்கு அவர் மாறினார். இந்த உரிமத்தின்படி நகலெடுக்கலாம், விற்கலாம், நிரலைத் திருத்தலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் அவர்கள் பெற வழி செய்ய வேண்டும். நாம் பெற்ற அதே உரிமைகளை அவர்களுக்கும் விட்டுத்தர வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பகிர்ந்துகொள்ளும் உரிமையைக் காத்தது இதன் சிறப்பு.

ஆனால் இரவல் தகட்டில் இடையே யாராவது தீய நிரலைச் சேர்த்திருந்தால்? இதற்கும் ஒரு சோதனை உண்டு. தகட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக்கி, ஷா-256 என்னும் கணக்கீட்டுக்கு உட்படுத்தினால் 64 இலக்கக் குறியீடு ஒன்று கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும். வெளியிட்டவர்கள் தங்கள் தளத்தில் தந்துள்ள குறியீட்டோடு இதனை ஒப்பிட வேண்டும்.

எங்கள் துறையிலிருந்த டெபியன் லினக்ஸ் தகட்டை மாணவனிடம் கொடுத்தேன். 64 இலக்கங்களையும் அவனே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். அதன்பின்தான் நிறுவினான். விண்டோஸ் தகடு மறுநாள் தோழனிடம் திரும்பிச் சென்றது. டெபியன் தகடு இன்னும் என்னிடம் வரவில்லை. அது இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறதாம். அங்கும் ஒரு பிரதி எடுத்துக்கொள்வார்கள். அதற்கு உரிமமே இடம் கொடுத்திருக்கிறது.