ஃபேன் சுத்துது, அதனால என்ன?

முதலிலேயே ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். பழைய மதர்போர்டு வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர் ஒயரைச் சொருகி, ஸ்விட்சைத் தட்டி, "பாருங்க சார், ஃபேன் சுத்துது, போர்டு ஓகே" என்கிறார். அந்த ஃபேனை நம்பிப் பர்ஸைத் திறக்காதீர்கள். ஃபேனுக்கு வேண்டியது 12 வோல்ட். அது கிடைத்துவிட்டால் போதும்; பயாஸ் அழிந்திருந்தாலும், ரேம் ஸ்லாட் தீய்ந்திருந்தாலும், பிராசசர் மண்டையைப் போட்டிருந்தாலும் அது பாட்டுக்கு ஜாலியாகச் சுற்றும்.

பின்னே எதைத்தான் நம்புவது? அதைப் பார்க்கத்தான் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையின் கவுன்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். மவுண்ட் ரோட்டை விட்டுத் திரும்பியதுமே கேபிள், சார்ஜர், சிசிடிவி என்று இரண்டு பக்கமும் தொங்கும் அந்தத் தெருவும், ஒட்டியிருக்கும் நரசிங்கபுரம் தெருவும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் மாடிப்படிக்குக் கீழே, இரண்டு ஆள் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டிய சர்வீஸ் அறைகள் இருக்கின்றனவே, ஆஹா, நிஜமான சினிமா அங்கேதான் ஓடுகிறது!

நான் போன அறையின் கதாநாயகரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். மேஜையில் சட்டை கழற்றிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைதான்) ஒன்று, ஹாட் ஏர் கன், லென்ஸ் வைத்த விளக்கு, பழைய டூத்பிரஷ், ஐபிஏ பாட்டில், ஸ்கூல் பையன் டப்பாவிலிருந்து தப்பித்து வந்த ரப்பர். கேபினெட்டே கிடையாது. ஒரு அட்டைப்பெட்டிதான் டெஸ்ட் பெஞ்ச். நான் நல்ல பிள்ளையாக, போர்டோடு வந்த வெள்ளி நிறக் கவரை அட்டை மேல் விரிக்கப் போனேன். "சார், சார், எடுங்க அதை!" ஸ்டாட்டிக்கிலிருந்து காப்பாற்றுகிற அந்தக் கவரின் மேல்பக்கம் ஓரளவு கரன்ட் கடத்துமாம். போர்டைக் கவருக்குள் போட்டு வைக்கலாம், கவர் மேல் வைத்து கரன்ட் கொடுக்கக் கூடாது. அட்டைதான் உத்தமம்.

அன்றைக்கு வந்த சரக்கு ஒரு ஹெச்61 போர்டு. 2011 வாக்கில் வந்த இன்டெல் சிப்செட். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5 போட்டுக்கொள்ளலாம். செகண்ட்ஸ் மார்க்கெட்டில் இன்னும் கொடி பறக்கிறது.

பாய் முதலில் செய்தது என்ன தெரியுமா? முகர்ந்து பார்த்தார்! ரேம் ஸ்லாட் பக்கம் ஒரு முறை, பிராசசரைச் சுற்றி இருக்கும் மாஸ்ஃபெட் பக்கம் ஒரு முறை. தீய்ந்த வாடை மாதக்கணக்கில் போகாதாம். அப்புறம் கண். கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா? 2000-களின் முதல் பாதியில் மோசமான எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க உப்பி வெடித்து, டெல் கம்பெனிக்கு மட்டுமே சுமார் 30 கோடி டாலர் செலவு வைத்த கதை உண்டு. இப்போதைய போர்டுகளில் சாலிட் கெப்பாசிட்டர் என்பதால் அந்தப் பயம் குறைவு. நம்ம ஊருக்கென்று தனி லிஸ்ட் இருக்கிறது: எறும்புப் புற்று, கரப்பான் எச்சம், கடற்காற்றுத் துரு. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊராயிற்றே, ஸ்லாட்டுகளின் அடியில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் பாய் எதையும் தொடுவதில்லை.

"ரொம்ப அழுக்கா இருந்தா பயப்படாதீங்க சார். ரொம்பப் பளிச்சுனு இருந்தாத்தான் யோசிக்கணும்." யாரோ வேலை பார்த்துவிட்டு, தடயத்தைக் கழுவியிருக்கலாம். சிப்பைச் சுற்றி ஃப்ளக்ஸின் பழுப்புக் கறை தெரிந்தால் ஹாட் ஏர் பட்ட சிப் என்று அர்த்தம். வேலை சுத்தமாக இருந்தால் தப்பில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

அடுத்து சாக்கெட். மூடியைத் திறந்ததும் எனக்குக் கூசியது. 1155 தங்கப் பின்கள்! பாய் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக நகர்த்தினார். வரிசை வரிசையாக மின்னிக்கொண்டே வந்த ஒளி, ஓரிடத்தில் மட்டும் தடுக்கியது. ஒரே ஒரு பின், முடி அளவு சாய்ந்திருக்கிறது. லென்ஸை இழுத்து, ஊசி முனையால் அதை நிமிர்த்தும் வரை அறையில் யாரும் பேசவில்லை. நிமிர்ந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன்.

இன்னும் கரன்ட்டே கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? மல்டிமீட்டர் வருகிறது. 24 பின் கனெக்டரில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிராசசருக்குத் தனியாகப் போகும் 12 வோல்ட் கனெக்டரில் மட்டும் ரொம்ப நேரம் நிற்கிறார். காரணம் திகிலானது. பிராசசருக்குத் தேவை ஏறக்குறைய ஒரு வோல்ட். 12-ஐ ஒன்றாக இறக்கித் தருபவை அந்த மாஸ்ஃபெட்கள். மேல்பக்க மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் 12 வோல்ட்டும் நேராகப் பிராசசர் தலையில் இறங்கிவிடும். அதனால்தான் வாடிக்கையாளரின் ஐ5-ஐ அவர் முதலில் போடுவதே இல்லை. டப்பாவிலிருந்து ஒரு கிழட்டு செலரானை எடுக்கிறார். இது செத்தால் அழ ஆளில்லை.

எஸ்எம்பிஎஸ் ஒயரைச் சொருகியாயிற்று. ஸ்விட்ச் இன்னும் தட்டவில்லை. ஆனால் பாய் சிப்செட் ஹீட் சிங்க் மேல் விரலை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறார். "சும்மா இருக்கும்போதே சுட்டா, சிப்செட் காலி." போர்டு அணைந்திருப்பதாக நாம் நினைக்கும்போதுகூட ஊதா ஒயரில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதை வைத்துச் செய்கிற சோதனை. விரல்தான் தெர்மாமீட்டர். சுடவில்லை.

இப்போதுதான் உச்சக்கட்டம். செலரான் போட்டாயிற்று, ஹீட் சிங்க் போட்டாயிற்று, குட்டி பஸ்ஸரை மாட்டியாயிற்று. ரேம்? "ரேம் போடாதடா" என்கிறார் உதவிக்கு இருக்கும் பையனிடம். ரேம் இல்லாமலா! ஸ்க்ரூடிரைவர் முனையால் பவர் ஸ்விட்ச்சுக்கான இரண்டு பின்களையும் ஒரு தட்டு தட்டுகிறார்.

ஃபேன் சுற்றுகிறது. நாம்தான் அதை நம்பப் போவதில்லையே. காத்திருக்கிறோம். பீ...! பீ...! பீ...! நீட்டி நீட்டி அலறுகிறது போர்டு. பாய் முகம் மலர்கிறது. "கத்துது சார்! உசுரு இருக்கு!"

ஏன் அத்தனை சந்தோஷம்? அந்த அலறலுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் தலை சுற்றட்டும். ஸ்க்ரூடிரைவர் பட்டதும் போர்டு பச்சை ஒயரை கிரவுண்டுக்கு இழுத்து, "எழுந்திரு" என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்கிறது. எல்லா வோல்ட்டேஜும் நிலைத்த பிறகு, 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் சாம்பல் ஒயரில் "எல்லாம் சரி" என்று சிக்னல் வருகிறது. அதற்கப்புறம்தான் ரீசெட் விலகிப் பிராசசர் கண் திறக்கிறது. திறந்ததும் அது தேடிப்போகும் முதல் கட்டளை எங்கே இருக்கிறது தெரியுமா? 4 ஜிபி முகவரியின் உச்சிக்குச் சரியாக 16 பைட் கீழே. 1978-ல் வந்த 8086-க்கும் இதே பழக்கம்தான், 1 எம்பி உச்சிக்கு 16 பைட் கீழே பார்க்கும். வீடு பெரிதானாலும் வாசற்படி அங்கேயேதான். அங்கிருந்து பயாஸ் சிப்பில் உள்ள புரோகிராம் ஓட ஆரம்பிக்கிறது. ரேம் இன்னும் தயாராகவில்லை, ஆகவே பிராசசர் தன் கேஷையே தற்காலிக ரேமாக வைத்துச் சமாளிக்கிறது! அந்த நிலையில் ரேமைத் தேடி, காணோம் என்று கண்டுபிடித்து, பஸ்ஸரை அடிக்கிறது. "ரேம் இல்லை" என்று புகார் சொல்ல வேண்டுமானால் பிராசசர், பயாஸ், சிப்செட், க்ளாக், பவர் எல்லாம் ஓடியிருக்க வேண்டும். ஒரு புகாருக்குள் இத்தனை சாட்சிகள்.

அலறாமல் அமைதியாக ஃபேன் மட்டும் சுற்றினால்? அன்று அதற்கும் ஒரு காட்சி கிடைத்தது. பக்கத்தில் கிடந்த இன்னொரு போர்டுக்கு டிபக் கார்டு மாட்டினார்கள். பிசிஐ ஸ்லாட்டில் நிற்கும் சின்ன அட்டை, இரண்டு சிவப்பு இலக்கம். பயாஸ் ஒவ்வொரு படி ஏறும்போதும் போர்ட் 80-ல் ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போகும். 1984-ல் ஐபிஎம் பிசி ஏடி தொடங்கி வைத்த வழக்கம். எல்லோரும் சாமியாடியிடம் குறி கேட்கிற மாதிரி அந்த இரண்டு இலக்கத்தைச் சுற்றிக் குனிந்தோம். அவார்டு பயாஸில் சி1-ல் நின்றால் ரேம் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் இது 00-ஐ விட்டு நகரவே இல்லை. பிராசசர் புறப்படவே இல்லை, அல்லது படிக்க பயாஸில் எதுவும் இல்லை.

பாய் கிடுக்கியால் எட்டுக் கால் பயாஸ் சிப்பைச் சாக்கெட்டிலிருந்து லாவகமாகப் பிடுங்கினார். சிஹெச்341ஏ என்ற கட்டைவிரல் சைஸ் புரோகிராமரில் போட்டு, கம்ப்யூட்டரில் மாட்டி, அழித்து, அந்த மாடலுக்கான ஃபைலை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தார். சிப்பைத் திருப்பிப் பொருத்தித் தட்டினால், எண்கள் கடகடவென்று ஓடுகின்றன! டெட் என்று ஓரங்கட்டிய போர்டு. ஓரமாக உட்கார்ந்திருந்த பையன் விசிலே அடித்துவிட்டான். எனக்கு இன்னும் அந்தக் கிக் இறங்கவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், எல்லா 00-ம் இப்படி முடிவதில்லை. சிப்செட்டே போயிருந்தால் ஹாட் ஏர் காட்டி எழுப்புவது உண்டு. அது பெரும்பாலும் கொஞ்ச நாள் கூத்து. அப்படி எழுப்பிய போர்டை வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

நம் ஹெச்61-க்கு வருவோம். பையன் ரேமின் தங்கப் பட்டையை ரப்பரால் தேய்த்து, தூள் உதறி, ஸ்லாட்டில் சொருகினான். தட்டு. ஒரு குட்டி பீப். மானிட்டரில் லோகோ! இந்த இடத்தில் பலரும் காசை எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். பாய் இதைப் பாதிக் கிணறு என்றுகூட ஒப்புக்கொள்ளவில்லை. பயாஸுக்குள் போய் வோல்ட்டேஜ் பக்கம் பார்க்கிறார்: 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். தேதி தவறாக இருந்தது. சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது, அது பெரிய விஷயமில்லை. ரேமை இரண்டு ஸ்லாட்டிலும் தனித்தனியாக மாற்றிப் போட்டு ஆன் செய்தார். ஒரு ஸ்லாட் செத்த போர்டைத்தான் ஏமாந்து வாங்குகிறவர்கள் அதிகமாம். யூஎஸ்பி ஒவ்வொன்றிலும் பென்டிரைவ், பச்சை ஓட்டையில் இயர்போன், கிராஃபிக்ஸ் ஸ்லாட்டில் ஒரு பழைய கார்டு. சாட்டா போர்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அதில் அசட்டை கூடாது: ஹெச்61-ன் அண்ணன்களான பி67, ஹெச்67 சிப்செட்டுகளில் ஒரே ஒரு டிரான்சிஸ்டருக்கு அளவுக்கு மீறி வோல்ட்டேஜ் போய், சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் தளரும் என்று 2011 ஜனவரி 31-ல் இன்டெலே அறிவித்து, சரிசெய்ய சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்று கணக்குச் சொன்னது.

கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓடவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். சூடானதும் தொங்குகிற போர்டு இந்த நேரத்தில் மாட்டிக்கொள்ளும். குளிர்ந்த போர்டு நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். நீங்கள் வாங்கும்போதும் ஐந்து நிமிடத்தில் கிளம்பாதீர்கள். அரை மணி ஓடட்டும், கூடவே டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முகம் கோணாத கடைக்காரர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

டீ முடிந்து வந்தபோது மெம்டெஸ்ட் சுத்தமாக ஓடியிருந்தது. ஒரே குறை, லேன் போர்ட்டில் கேபிள் சொருகினால் விளக்கு எரியவில்லை. அதற்குள் வாசலில் காலேஜ் பையன் ஒருவன் ஆஜர்.

"லேன் மட்டும் வேலை செய்யாது தம்பி. மத்ததெல்லாம் ஓகே. எதிர்லயே பார்த்துக்கோ."

"லேன் இல்லாம என்ன பாய் பண்றது? முந்நூறு குறைங்க."

"வைஃபை டாங்கிள் போட்டுக்கோப்பா. நூறு குறைக்கறேன்."

"இருநூறு. பேட்டரி புதுசு போட்டுக் கொடுங்க."

"சரி, எடுத்துக்கோ. ஆனா ஐஓ ஷீல்டு கேக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

"ஐஓ ஷீல்டு இருக்கா பாய்?"

பாய் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே பையன் தகரப் பிளேட் நிறைந்த பெட்டியைத் தரையில் கவிழ்த்து, பொருந்துகிற ஒன்றைத் தேட ஆரம்பித்துவிட்டான்.