பள்ளிக்கூட நர்ஸுக்குத் துணை யார்?

வெளிமாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குறைவில்லை. நெல்லையிலும் நாகர்கோவிலிலும் வேலூரிலும் படிப்பை முடித்துவிட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் வேலை தேடி வந்தவர்கள் பலர். கணவரின் மாற்றல் உத்தரவோடு கூடவே வந்தவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் சில வருடங்கள் இரவுப் பணி பார்த்து அலுத்த பிறகு, பிள்ளைகள் வளரும் வயதில், தனியார் பள்ளி ஒன்றின் மருத்துவ அறைக்கு மாறிவிடுகிறார்கள். பகல் வேலை, ஞாயிறு விடுமுறை, கோடை விடுமுறை. வீட்டுக்கு நல்லதுதான். ஆனால் அந்த உத்தியோகத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு சிஸ்டர் இன்சார்ஜ் இருக்கிறார். போன் செய்தால் டியூட்டி டாக்டர் வருகிறார். பள்ளியிலோ ஆயிரம், இரண்டாயிரம் குழந்தைகளுக்கு ஒரே ஒரு நர்ஸ். பிரின்ஸிபாலும் ஆசிரியர்களும் நன்கு படித்தவர்கள்தான். நர்ஸிங் தெரிந்தவர் அந்தக் கட்டிடத்தில் இவரைத் தவிர வேறு எவருமில்லை. மைதானத்தில் தலையில் அடிபட்ட பையன் 'ஒன்றுமில்லை' என்று சிரிக்கிறான். அவனை வகுப்புக்கு அனுப்பலாமா, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா? நிலக்கடலை சாப்பிட்ட சிறுமியின் உதடு வீங்குகிறது, மூச்சு இழுக்கிறது. காத்திருக்க நேரமே இல்லை. காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தைக்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்புங்கள் சிஸ்டர், பரீட்சை இருக்கிறது என்கிறார் வகுப்பாசிரியை. பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமும், பள்ளி மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்ட உத்தரவும் இல்லாமல் மாத்திரை கொடுத்து, ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? ஆசிரியை அல்ல.

இப்படித் தனித்து நிற்பவருக்குத் துணையாகத்தான் தொழில்முறைச் சங்கம் இருக்கிறது. இந்தியாவில் நர்ஸுகளுக்கான மிகப் பழமையான ஸ்தாபனம் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம். டி.என்.ஏ.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். 1905ஆம் ஆண்டு லக்னோவில் நர்ஸிங் சூப்பரிண்டெண்டுகள் சிலர் கூடித் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்தது இது. 1908இல் இந்தப் பெயரில் சங்கம் உருவாயிற்று. 1922இல் இரண்டும் ஒன்றாயின. 1910 முதல் சொந்தமாக ஒரு பத்திரிகையும் நடத்துகிறது. தலைமையகம் தில்லி கிரீன் பார்க்கில். மாநிலம்தோறும் கிளை, அதற்குக் கீழே ஊர்க்கிளைகள். ஆண் நர்ஸுகளும் சேரலாம். ஏ.என்.எம். படித்தவர்களுக்கும் இடமுண்டு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "நான்தான் கவுன்சிலில் பதிந்திருக்கிறேனே, இன்னொரு சங்கம் எதற்கு?" என்று பலரும் கேட்கிறார்கள். கவுன்சில் வேறு, சங்கம் வேறு. கவுன்சில் சட்டப்படி அமைந்தது. தகுதியில்லாதவர் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு நோயாளியைத் தொடாமல் காப்பது அதன் வேலை. அதாவது அது பொதுமக்களுக்காக இருக்கிறது. சங்கம் நர்ஸுக்காக இருக்கிறது. கவுன்சில் பதிவு கட்டாயம். சங்கத்தில் சேர்வது நம் விருப்பம். பெயர்ந்து வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கவுன்சிலில் செய்த பதிவை வைத்துக்கொண்டு வேறு மாநிலத்தில் காலம் தள்ளக் கூடாது. அங்கிருந்து தடையில்லாச் சான்று பெற்று, வேலை பார்க்கும் மாநிலத்தின் கவுன்சிலில் பதிந்துகொள்ள வேண்டும். 'பள்ளி வேலைதானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்று விட்டுவிட்டால், ஏதாவது ஒன்று நேர்ந்த அன்று முதலில் கேட்பது அதைத்தான். இந்த நடைமுறைகளில் எந்தப் படிவம், எந்த அலுவலகம், எவ்வளவு நாளாகும் என்பதை முன்பே அந்த வழியில் போய் வந்த மூத்த உறுப்பினர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அடுத்தது படிப்பு. பள்ளிக்கு மாறியதும் கைப்பழக்கம் குறைந்துவிடுகிறது. ஐந்து வருடம் ஊசி போடாதவருக்கு அவசர நேரத்தில் கை நடுங்காதா? இதற்கிடையே பள்ளியின் தேவைகளும் மாறிவிட்டன. இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைகள் சாதாரணமாக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். டைப் ஒன்று நீரிழிவு உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை வில்லையும் சிற்றுண்டியும் எடுத்துச் செல்ல 2017இல் சி.பி.எஸ்.இ. அனுமதி அளித்தது. 2015இல் தொடங்கிய குடற்புழு நீக்க நாள் இப்போது நாடெங்கும் நடக்கிறது; பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரையைக் கொடுத்துக் கணக்கு எழுதும்போது நர்ஸைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். சங்கக் கிளைகள் நடத்தும் தொடர்கல்வி வகுப்புகளுக்குப் போனால் இவற்றில் பழக்கம் விடாது. கவுன்சில் பதிவைப் புதுப்பிக்கப் பல மாநிலங்களில் தொடர்கல்விச் சான்று கேட்பதால், அந்தக் காரியமும் கூடவே முடியும். ஆஸ்பத்திரி தன் நர்ஸுகளுக்குத் தானே வகுப்பு வைத்துக்கொள்ளும். பள்ளி வைக்காது. ஆகவே இது பள்ளி நர்ஸுக்கே அதிகம் தேவை.

சம்பள விஷயத்துக்கு வருவோம். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் நிலைமை பற்றி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்தச் சங்கம்தான். 2016 ஜனவரியில் வந்த தீர்ப்பின்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் அரசு நர்ஸுக்கு நிகரான சம்பளம், 50 படுக்கைக்குக் குறைந்த இடங்களில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் என்று அந்தக் குழு பரிந்துரை செய்தது. பரிந்துரைதான், சட்டமல்ல. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் போயிற்று. அதிலும் கணக்கு முழுவதும் படுக்கை எண்ணிக்கையில். பள்ளி மருத்துவ அறையில் இருப்பது மொத்தம் இரண்டு கட்டில்! அந்த நர்ஸ் எந்தக் கணக்கிலும் வரவில்லை. வர வேண்டுமானால் கிளைக் கூட்டத்தில் எழுந்து கேட்க ஆள் வேண்டும். பள்ளி நர்ஸுகள் சேராத சங்கத்தில் அதை யார் கேட்பார்கள்?

சேர்ந்த மறுநாளே எல்லாம் கிடைத்துவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. இது தொழிற்சங்கம் போலக் கொடி பிடித்து வாசலில் நிற்கும் அமைப்பு அல்ல. சில கிளைகள் சுறுசுறுப்பானவை, சில தூங்குபவை. ஊருக்குப் போக நர்ஸுகளுக்கு ரயில் கட்டணத்தில் இருந்த 25 சதவிகிதச் சலுகையும் 2020 மார்ச்சில் மற்ற பல சலுகைகளோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதை எண்ணிச் சேர்பவர் ஏமாறுவார். நல்லதொரு கிளையில் கிடைக்கும் பெரிய லாபம், ராத்திரி எட்டு மணிக்குக் கூச்சமில்லாமல் போன் செய்து, "அக்கா, இன்றைக்குப் பள்ளியில் இப்படி ஆயிற்று, நான் செய்தது சரியா?" என்று கேட்க ஒரு மனுஷி கிடைப்பதே. மொழி தெரியாத ஊரில் அதன் அருமை நமக்குத் தெரியும். ஒரு பகுதியிலுள்ள பள்ளி நர்ஸுகள் ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்டால், பள்ளி ஆரோக்கியத்துக்கென்றே தனியாக ஒரு நாள் வகுப்பு வைக்கும்படி கிளையிடம் சொல்லலாம்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கிளைக் கூட்டங்களும் வகுப்புகளும் பெரும்பாலும் விடுமுறை நாளில்தான் நடக்கும். அன்று காலைச் சமையலை நீங்கள் பார்த்துக்கொண்டால் அவர் நிம்மதியாகப் போய் வருவார்.

விண்ணப்பத்துக்கு முக்கியமாக வேண்டியது கவுன்சில் பதிவுச் சான்றிதழின் நகல். பதிவு காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால் வருடா வருடம் சந்தா கட்டும் தொல்லை இல்லை. மறுபடி மாற்றல் வந்தால் புது முகவரியை மறக்காமல் தலைமையகத்துக்கு எழுதிவிட வேண்டும். அசல் சான்றிதழ்கள் ஊரில் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தால், அடுத்த விடுமுறைக்குப் போகும்போது எடுத்து வந்துவிடுங்கள்.