டைனர் (அமெரிக்கச் சாலையோர உணவகம்)

டைனர் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுஞ்சாலை ஓரங்களிலும் சிற்றூர்களிலும் காணப்படும் ஒரு வகைச் சிறு உணவகம் ஆகும். வடகிழக்கு மாநிலங்களில், குறிப்பாக நியூ ஜெர்சியில், இவை மிகுதி. பெரும்பாலானவற்றை ஒரு குடும்பமோ தனி உரிமையாளரோ நடத்துகின்றனர். காரில் நெடும்பயணம் செல்வோர், சரக்குந்து ஓட்டுநர்கள், உள்ளூர்த் தொழிலாளர்கள் எனப் பலரும் இங்கு அருகருகே அமர்ந்து உண்கின்றனர். சாலையை நம்பிப் பிழைக்கும் கடை என்பதால், சாலை எந்த வழியாகச் செல்கிறது, அதில் செல்வோரில் யாருக்கு உணவு தரப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளும் இதன் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றன.

பெயரும் தோற்றமும்

1872 இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டி ஒன்றில் இரவு உணவு விற்கத் தொடங்கினார். செய்தித்தாள் அலுவலகத்தில் இரவுப் பணி செய்தோர் அவருடைய முதன்மை வாடிக்கையாளர்கள். மற்ற உணவகங்கள் மூடிய பின்னும் சான்ட்விச், அவித்த முட்டை, காப்பி ஆகியவை அந்த வண்டியில் கிடைத்தன. பின்னர் வாடிக்கையாளர்கள் உள்ளே ஏறி நின்று உண்ணும் அளவுக்கு வண்டிகள் பெரிதாயின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய உணவகங்களைத் தொழிற்சாலையில் முழுமையாகக் கட்டி, விற்ற இடத்துக்குக் கொண்டு சென்று இறக்கும் வழக்கம் வந்தது. 1906 முதல் 1957 வரை இயங்கிய வூஸ்டர் லஞ்ச் கார் நிறுவனம் மட்டும் 650-க்கும் மேற்பட்டவற்றைக் கட்டியது. தொடர்வண்டியின் உணவுப் பெட்டியை ஒத்திருந்ததால் இவற்றுக்கு டைனர் என்ற பெயர் நிலைத்தது. இவை யாவும் பழைய தொடர்வண்டிப் பெட்டிகள் என்று பலர் கருதுவது சரியன்று. சில மட்டுமே அவ்வாறு மாற்றப்பட்டவை. சாலை வழியே கொண்டு செல்ல வேண்டியிருந்ததே இவற்றின் நீண்ட, குறுகிய வடிவத்துக்குக் காரணம்.

அமைப்பும் உணவும்

உள்ளே ஒரு நீண்ட கவுண்டரும், அதன் முன் சுழலும் முக்காலிகளும், சன்னல் ஓரமாக எதிரெதிர் இருக்கைகள் கொண்ட மேசைகளும் இருக்கும். கவுண்டருக்குப் பின்னால், தோசைக்கல்லைப் பெரிதாக்கியது போன்ற ஒரு தட்டையான இரும்புக் கல்லில் பெரும்பாலான உணவு வாடிக்கையாளரின் கண்முன்னே தயாராகிறது. தனியே வருபவர் கவுண்டரிலும், குடும்பமாக வருபவர் மேசையிலும் அமர்வது வழக்கம்.

காலை உணவு பல டைனர்களில் நாள் முழுவதும் கிடைக்கும். முட்டையை எப்படிச் சமைக்க வேண்டும் என்று பணியாளர் கேட்பார். தமிழ்நாட்டில் ஆஃப்பாயில் எனப்படுவது அங்கு 'சன்னி சைடு அப்' எனப்படுகிறது. ஆறிய காப்பிக் கோப்பையைக் கூடுதல் கட்டணமின்றி மீண்டும் நிரப்புவது பரவலான வழக்கம்.

வட்டாரத்துக்கேற்ப உணவும் மாறுகிறது. தென் மாநிலங்களில் முட்டையுடன் 'கிரிட்ஸ்' என்னும் மக்காச்சோளக் கஞ்சி வரும். நியூ மெக்சிகோவில் பச்சை மிளகாய்க் குழம்பும், பென்சில்வேனியாவில் பன்றி இறைச்சியைச் சோள மாவுடன் சேர்த்து வறுக்கும் 'ஸ்கிராப்பிள்' என்பதும் கிடைக்கும். வடகிழக்கில் பல டைனர்களைக் கிரேக்கக் குடியேறிகள் நடத்தியதால் அங்கு கிரேக்க உணவுகளும் பட்டியலில் இடம்பெற்றன.

வழிகாட்டி நூல்கள்

1926 இல் சிகாகோவையும் கலிபோர்னியாவையும் இணைக்கும் 66-ஆம் எண் நெடுஞ்சாலை அறிவிக்கப்பட்டது. இது போன்ற சாலைகள் ஊர்களின் நடுவே சென்றதால் வழியெங்கும் உணவகங்கள் பெருகின. முன்பின் தெரியாத ஊரில் எந்தக் கடையை நம்பி நுழைவது என்ற கேள்வியும் எழுந்தது. ஊர் ஊராகச் சென்ற விற்பனையாளரான டங்கன் ஹைன்ஸ், தாம் உண்டு பார்த்த நல்ல கடைகளைத் தொகுத்து 1930-களின் நடுவில் நூலாக வெளியிட்டார். அவர் பரிந்துரைத்த கடைகள் அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டின.

பயணிகளிடையே வேறு கணிப்புகளும் உண்டு. 1982 இல் வெளிவந்த 'புளூ ஹைவேஸ்' என்ற பயண நூலில் வில்லியம் லீஸ்ட் ஹீட்-மூன், சுவரில் தொங்கும் நாட்காட்டிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கடையை மதிப்பிடும் முறையைக் கூறுகிறார். நாட்காட்டிகள் கூடக் கூட உணவும் நன்றாக இருக்கும் என்பது அவர் கணக்கு. சரக்குந்துகள் நிற்கும் இடத்தில் உணவு நன்றாக இருக்கும் என்பது மற்றொரு நம்பிக்கை. ஆனால் பெரிய வண்டியை நிறுத்த இடம் இருப்பதாலும் ஓட்டுநர்கள் ஒரு கடையைத் தேர்ந்தெடுப்பதுண்டு.

இனப்பாகுபாடு

கறுப்பின மக்களுக்கு உணவின் தரத்தைவிட, உள்ளே அனுமதிப்பார்களா என்பதே முதல் கேள்வியாக இருந்தது. பல உணவகங்கள் அவர்களுக்கு உணவு தர மறுத்தன. சில, பின்வாசலில் பொட்டலம் மட்டும் கொடுத்தன. இதனால் பயணம் புறப்படும்போதே வீட்டிலிருந்து உணவு கட்டிச் செல்வது அக்குடும்பங்களின் வழக்கமாயிற்று. நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், அவர்களை ஏற்கும் உணவகங்களையும் விடுதிகளையும் பட்டியலிட்டு 1936 இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். 'கிரீன் புக்' எனப்பட்ட இது 1960-களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது.

1961 இல் வாசிங்டனுக்குச் சாலை வழியே சென்ற சாட் நாட்டுத் தூதருக்கு மேரிலாந்தில் 40-ஆம் எண் நெடுஞ்சாலையில் இருந்த ஓர் உணவகம் உணவு தர மறுத்தது. இது அமெரிக்க அரசுக்கு வெளியுறவுச் சிக்கலாயிற்று. 1964 ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் உணவகங்களில் இனப்பாகுபாட்டைத் தடை செய்தது.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் இருந்த ஒரு குடும்ப உணவகம், தன்னிடம் வருவோர் உள்ளூர் மக்களே என்பதால் அச்சட்டம் தனக்குப் பொருந்தாது என்று வழக்குத் தொடுத்தது. அது வாங்கிய உணவுப் பொருளில் 46 விழுக்காடு வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. இதைச் சுட்டி, சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1964 டிசம்பரில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனியார் நடத்தும் சிறு கடை என்பதும் விலக்குக்குக் காரணமாகவில்லை.

விரைவுச்சாலைகளின் தாக்கம்

1956 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களுக்கிடையேயான விரைவுச்சாலைகள் திட்டமிடப்பட்டன. இவை ஊர்களைச் சுற்றிச் சென்றன. சாலைக்குரிய நிலத்தில் வணிக உணவகங்கள் அமைக்கவும் பொதுவாகத் தடை இருந்தது. எனவே உண்பதற்கு வெளிவழியில் இறங்க வேண்டும். இறங்கும் இடத்தை ஒட்டிய நிலத்தைப் பெருநிறுவன உணவகங்கள் பிடித்துக்கொண்டு, தொலைவிலிருந்தே தெரியும்படி உயரமான பலகைகளை வைத்தன. எங்கு சென்றாலும் ஒரே சுவை, ஒரே விலை, விரைவான சேவை என்பது அவசரப் பயணிகளை ஈர்த்தது. பழைய சாலையில் இருந்த டைனர்கள் வாடிக்கையாளர்களை இழந்தன. 66-ஆம் எண் சாலையில் புறவழிச்சாலை வராத கடைசி ஊரான அரிசோனாவின் வில்லியம்ஸ் 1984 இல் அந்த நிலையை இழந்தது. மறு ஆண்டு அச்சாலை அதிகாரப்பூர்வ நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இன்றைய நிலை

ரோட் ஐலண்டின் பாடக்கெட் நகரில் உள்ள மாடர்ன் டைனர் 1978 இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இப்பதிவேட்டில் இடம்பெற்ற முதல் டைனர் இதுவே. ஆயினும் கட்டடத்தைக் காப்பது எளிது, கடையைத் தொடர்ந்து நடத்துவது கடினம். நீண்ட வேலை நேரம், நிலத்தின் விலையேற்றம், தொழிலைத் தொடர அடுத்த தலைமுறை முன்வராமை ஆகியவற்றால் பல டைனர்கள் மூடப்படுகின்றன.

பயணத்தில் டைனரில் உண்ண விரும்புவோர் விரைவுச்சாலையிலிருந்து இறங்கிப் பழைய ஊர்ச்சாலையில் சில மைல்கள் செல்ல வேண்டியிருக்கும். சிற்றூர்களில் பல கடைகள் பிற்பகலிலேயே மூடிவிடும். பட்டியலில் உள்ள விலையில் விற்பனை வரி பொதுவாகச் சேராது. டிப்ஸ் பெறும் பணியாளர்களுக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டரசுச் சட்டப்படி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர் மட்டுமே. பல மாநிலங்களில் இது அதிகம். ஆகவே 15 முதல் 20 விழுக்காடு வரை விட்டுச் செல்லும் டிப்ஸ், பல கடைகளில் பணியாளரின் ஊதியத்தின் பெரும்பகுதியாகிறது.