ஒடிந்ததை ஒட்ட வைக்கும் கணக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அல்ஜீப்ராவில் இருபதுக்கு ஆறு. "தாத்தா, மைனஸ் அந்தப் பக்கம் போனா எப்படி பிளஸ் ஆகும்? கேட்டா ரூல்னு சொல்றாங்க" என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"ரூல்தாம்மா" என்று சொல்ல எனக்கும் வாய் வந்தது. டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் சேர்ந்து, வளைவுப் பாதைகளுக்கெல்லாம் கணக்குப் போட்டு ஓய்வும் பெற்றாயிற்று. ஒரு நாளாவது 'ஏன்' என்று கேட்டிருக்கிறேனா? வெட்கமாகப் போய்விட்டது. "நாளைக்குச் சொல்றேன் கண்ணு" என்று தப்பித்துக்கொண்டு, அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். விடை அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது!

கி.பி. 820-ஐ ஒட்டிய காலம். பாக்தாதில் கலீபா அல் மாமூனின் ஆதரவில் இருந்த முகம்மது இப்னு மூசா அல் குவாரிஸ்மி என்ற அறிஞர் ஒரு கணக்கு நூல் எழுதினார். அதன் பெயரில் 'அல் ஜப்ர்', 'அல் முகாபலா' என்ற இரண்டு சொற்கள் வருகின்றன. சொத்துப் பாகப்பிரிவினை, வியாபாரம், நிலம் அளப்பது, வாய்க்கால் வெட்டுவது ஆகியவற்றுக்குப் பயன்படும் என்றுதான் எழுதினாராம். நம்மைப் போன்ற ஓவர்சியர்களுக்கான புத்தகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை, கூட்டல் குறிகூடக் கிடையாது. எல்லாம் வாக்கியங்கள்தாம். தெரியாத எண்ணுக்கு 'ஷய்', அதாவது 'பொருள்' என்று பெயர். அவர் போட்ட கணக்குகளில் ஒன்று இது: ஒரு வர்க்கம், நாற்பது பொருளில் நான்கு வர்க்கம் குறைந்ததற்குச் சமம்.

நாற்பது பொருள் முழுசாக இருக்க வேண்டியது. அதில் நான்கு வர்க்கம் ஒடிந்துபோய் ஊனமாக நிற்கிறது. ஒடிந்ததைத் திருப்பிக் கொடுத்து முழுசாக்கு. இந்தப் பக்கம் கொடுத்ததை அந்தப் பக்கமும் கொடுத்துவிடு. இப்போது ஐந்து வர்க்கம், நாற்பது பொருளுக்குச் சமம். ஆகவே ஒரு வர்க்கம் எட்டுப் பொருளுக்குச் சமம். பொருள் 8, வர்க்கம் 64. முடிந்தது.

இப்படி ஒடிந்ததை முழுசாக்குவதுதான் 'ஜப்ர்'. எதுவும் எந்தப் பக்கமும் 'போக'வில்லை, குறியும் மாறவில்லை! இரண்டு பக்கத்திலும் ஒரே வகையாக இருப்பதைச் சமமாகக் கழித்துவிடுவது 'முகாபலா'.

அரபு மொழியில் ஜப்ர் என்றால் முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவதும்தான். ஸ்பெயினில் எலும்பு வைத்தியருக்கு 'அல்ஹெப்ரிஸ்தா' என்றே பெயர் இருந்தது. 1615-ல் வெளிவந்த 'டான் குயிக்சாட்' இரண்டாம் பாகத்தில் குதிரையிலிருந்து விழுந்தவனுக்கு அப்படி ஒருவர்தான் வைத்தியம் பார்க்கிறார்.

இதைப் படித்ததும் என் இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். 1987-ல் விடுமுறைக்கு அரக்கோணம் போயிருந்தபோது சைக்கிளிலிருந்து விழுந்து அது முறிந்தது. அப்பா கையோடு ரயிலேற்றிப் புத்தூருக்கு அழைத்துப் போனார். கட்டுப் போடுபவர் ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், உயிர் போய் வந்தது. எலும்பு இடத்தில் உட்கார்ந்தது. பிறகு பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. இழுக்கும்போது மறு கையை அப்பா பிடித்துக்கொண்டிருந்தார்.

அல் குவாரிஸ்மிக்கு முன்பே, 628-ல், நம் பிரம்மகுப்தர் கழித்தல் எண்ணைக் 'கடன்' என்றும் கூட்டல் எண்ணைத் 'தனம்' என்றும் வைத்து விதிகள் எழுதிவிட்டார். தனியாக நிற்கும் கழித்தல் எண்ணை அல் குவாரிஸ்மி ஏற்கவில்லை. அதனால்தான் அவருக்கு ஒட்ட வைக்கும் வேலை தேவைப்பட்டது போலும். 1145-ல் ராபர்ட் என்ற ஆங்கிலேயர் ஸ்பெயினின் செகோவியாவில் அந்த நூலை லத்தீனில் மொழிபெயர்த்தார். நாளடைவில் முகாபலா உதிர்ந்துவிட, அல்ஜீப்ரா மட்டும் நிலைத்தது. ஆசிரியர் பெயர் தேய்ந்து 'அல்காரிதம்' ஆயிற்று.

உதிர்ந்தது எங்கும் போய்விடவில்லை. நம் அக்கம்பக்கத்து இந்தியிலேயே இருக்கிறது! கிரிக்கெட் 'முகாபலா' அதே சொல். கட்டாயமாக என்பதற்கு 'ஜப்ரன்' என்கிறார்களே, அது ஜப்ரின் உறவு. புத்தூரில் அந்த இழுப்பை வாங்கிய எனக்கு இதில் வியப்பில்லை.

மறுநாள் பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இந்தக் கையா தாத்தா?" என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு கணக்குக் கொடுத்தேன்: மூன்று பொருளில் நான்கு குறைந்தால் பதினொன்று. பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். இரண்டு பக்கமும் நான்கு நான்காகக் கொடுத்தாள். மூன்று பொருள் பதினைந்து, ஒரு பொருள் ஐந்து. அடித்தல் திருத்தல் இல்லை.

"இந்தியில் பீஜகணித். தமிழில் என்ன தாத்தா?"

"இயற்கணிதம். அந்தக் காலத்தில் அட்சர கணிதம் என்பார்கள்."

அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. நோட்டின் ஓரத்தில் இரண்டையும் இந்தி எழுத்தில் எழுதிக்கொண்டாள்.